பட்டியலில் இல்லாத சந்தியோகு

யூலை 2, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கந்தோர் யன்னலைத் திறந்தால் மேசை முழுக்க மணல், மூடினால் புழுக்கம். வந்ததும் முதல் வேலை, விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டுவது.

வேலைகள்:
– கரைச் செயலியின் புதுப் பதிப்பு (பாதி)
– அம்மாவின் கண் மருந்து (மறந்தேன்)
– நிரோஷன் அண்ணாவுக்கு மறுமொழி. எழுதவில்லை. நேரே சண்டை பிடித்தாயிற்று.

சண்டை வழக்கம்போல நாங்கள் நிரல் எழுதும் பைதன் மொழியைப் பற்றி. ஒரு வெறும் பட்டியலைக் கொடுத்து வேலை வாங்கினால், அடுத்த முறை அதே வேலைக்குக் கூப்பிடும்போது போன முறை போட்டதெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். நிரோஷன் அண்ணா அது மொழியின் பிழை என்கிறார். அடம்பனிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மனிதர், வரும்போதே கோபத்தோடு வருகிறார். எங்கள் மூவரில் பொறுப்பாளரும் அவர்தான்.

ஃபஸ்லினா: "விருந்தாளி போனாப் பிறகும் பாயைச் சுருட்டாத வீடு மாதிரி."

நான் மொழியின் பக்கம். விதி எழுதியிருக்கிறது, வாசிக்காமல் விட்டது நாம். வென்றேன் என்றுதான் நினைக்கிறேன். நிரோஷன் அண்ணா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

பிறகு மீனவர் சங்கத்துக்குக் கொடுக்கக் கரைச் செயலியைப் பற்றி ஒரு விளக்கம் எழுதினேன். நன்றாக வந்ததால் இங்கேயும் படியெடுக்கிறேன்: "விடியக் கடலுக்குப் போகும் வள்ளங்களின் பெயரைக் கரையில் நிற்கும் ஒருவர் போனில் பதிவார். திரும்பி வந்த வள்ளக்காரர் தன் போனில் 'வந்தாச்சு' என்பதை அழுத்துவார். பகல் இரண்டு மணி வரைக்கும் அழுத்தாத வள்ளம் ஒன்று இருந்தாலும் கரையிலுள்ள எல்லோருடைய போனும் ஒன்றாக அடிக்கும்."

ஓலைத்தொடுவாய்க் கரையில் ஒரு மாதமாக ஓடுகிறது. ஒரு நாளும் அடிக்கத் தேவைப்படவில்லை.

யூலை 4, வியாழன்

காற்று. மத்தியானம் மின்சாரம் ஒரு மணித்தியாலம் இல்லை.

ஃபஸ்லினா கத்தினாள். "ரோசி, ஓடி வா, ஒரு கூத்து!"

திரையில் கோழி, கோழி என்று இரண்டு தரம். இரண்டும் ஒன்றா என்று மொழியைக் கேட்டிருக்கிறாள். இல்லை என்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். 'கோ' என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு அரவு. சில போன்கள் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாகப் பதியும். சிலவற்றில் கொம்பு தனி, அரவு தனி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

நிரோஷன் அண்ணா: "தமிழ் தெரியாதவங்கள் செய்த மொழி. வேற என்னத்தைச் சொல்லும்?"

நான்: "மொழி பொய் சொல்லேல்ல அண்ணா. நீங்கள் குடுத்தது ரெண்டு வேற குறி. வேற எண்டுது. ஒண்டு எண்டு சொன்னாத்தான் பிழை."

"கோழிக் கறி வைச்சா ரெண்டும் ஒண்டுதானே?"

ஃபஸ்லினா சிரிக்கவில்லை. "ஒப்பிட முதல் ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்துவம். ஒரு வரிதான். இப்பவே போடட்டோ?"

நான் வேண்டாம் என்றேன். புதுப் பதிப்பு வெள்ளிக்கிழமை போகவேண்டும், இப்போது கை வைத்தால் எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். செயலிக்குள் இருக்கும் வள்ளங்களின் பட்டியல் முழுவதும் நானே அடித்தது. கரையில் பெயர் பதியும் மெற்றில்டாக்காவின் போனில் இருப்பதும் அதே விசைப்பலகைதான்.

"பட்டியலில இல்லாத பேர் வந்தா?" என்று கேட்டாள்.

"பேசாமல் விட்டிட்டு அடுத்ததைப் பாக்கும். அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்."

நிரோஷன் அண்ணா: "அது கத்தவேணும் ரோசி."

"ஆரோ ஒருத்தர் பேரைப் பிழையா அடிச்சதுக்கு முழுக் கரையையும் எழுப்பேலாது."

'பிறகு' என்ற தலைப்பின் கீழ் ஃபஸ்லினா எழுதி வைத்தாள். அங்கே ஏற்கனவே பதினொன்று இருக்கிறது.

யூலை 9, செவ்வாய்

ஓலைத்தொடுவாய் போய் வந்தேன், ஃபஸ்லினாவின் ஸ்கூட்டரில். வழியில் கழுதைகள் ரோட்டை விட்டு அசையவில்லை. கடல் கலங்கிக் கிடந்தது.

மெற்றில்டாக்காவுக்குப் புதுப் போன். தம்பி அன்ரன் வாங்கிக் கொடுத்தது. சங்கத்துக்காக விடிய நின்று பெயர் பதிகிறவர் அவர்தான். கணவர் சூசை அண்ணையும் அன்ரனும் சேர்ந்துதான் 'சந்தியோகு' வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார்கள். பழைய போன் உப்புக் காற்றில் செத்துப்போயிற்று.

புதியதில் நானே செயலியைப் போட்டுக் கொடுத்தேன். சோதிக்க 'மரியா' என்று ஒரு வள்ளத்தின் பெயரை அடித்தேன். உடனே பதிவானது.

சூசை அண்ணை வலைக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "இனி இவ பகல் முழுக்கக் கரையில நிண்டு கண்ணைக் கெடுக்கத் தேவையில்லை என்ன, பிள்ளை?"

"ஓம் அண்ணை. அடிக்காட்டி எல்லாரும் வந்தாச்சு எண்டு அர்த்தம்."

ஒரு பை நிறைய மீன் தந்தார். அம்மாவுக்குச் சந்தோசம். பெரியது ஒன்றை ஃபஸ்லினா கொண்டுபோனாள்.

யூலை 12, வெள்ளி

பின்னேரம் ஆறரைக்கு ஃபஸ்லினா எடுத்தாள். குரல் சரியில்லை.

"சந்தியோகு வரேல்லயாம்."

"எப்ப அடிச்சது?"

"அடிக்கேல்ல ரோசி. அடிக்கவே இல்லை."

நாலு வள்ளம் தேடப் போயிருக்கிறதாம். நேவிக்கும் அறிவித்திருக்கிறார்கள். காற்று பலம். வெளிச்சமும் போய்விட்டது.

அம்மா செபமாலையை எடுத்துவிட்டார். நானும் இருந்தேன், வாய் மட்டும் சொன்னது.

யூலை 13, சனி

காலையில் அன்ரனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி. உயிரோடு. மன்னார் ஆஸ்பத்திரி.

சூசை அண்ணை இல்லை.

யூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பகல் பன்னிரண்டு மணியளவில் உடல் கரை ஒதுங்கியதாகச் செய்தி.

யூலை 15, திங்கள்

அடக்கம். நாங்கள் மூவரும் போனோம். ஃபஸ்லினா தலையை மூடிக்கொண்டு கோயில் வாசலில் நின்றாள். நிரோஷன் அண்ணா எங்கே நிற்பது என்று தெரியாமல் என் பின்னாலேயே வந்தார். சேமக்காலையில், குழியடியில், காற்று. சுவாமியின் புத்தகத் தாள்களை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கேட்டவை:

"நாலு மணித்தியாலம் முந்திப் போயிருந்தா ரெண்டு பேரையும் எடுத்திருக்கலாம்."

"பேர் பதியிறதெண்டா கவனம் வேணும். புதுப் போன் வந்த பிலுக்கு."

"பிழையா அடிச்சிருப்பாள். சொந்தப் புருசன்ர வள்ளத்தை."

இதைச் சொன்ன பெண்கள் மெற்றில்டாக்காவுக்கு மூன்று அடி தள்ளி நின்றார்கள். கேட்டிருக்கும்.

வீட்டு முற்றத்தில் அன்ரன் ஒரு கதிரையில். இரண்டு கையிலும் கட்டு. யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பத்து மணிக்குக் கவிண்டது. அத்தான்தான் என்னைப் பிடிச்சு ஏத்தினவர். ரெண்டு மணிக்குக் கரையில போன் அடிக்கும், எல்லாரும் வருவினம், கையை விடாத எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். சூரியனைப் பாத்து நேரம் சொன்னவர். இப்ப அடிச்சிருக்கும். இப்ப வெளிக்கிட்டிருப்பினம். இப்ப பாதித் தூரம். அப்பிடியே பொழுதுபடுகிற மட்டும் சொன்னவர். எனக்குத்தான் கையை விடாத எண்டவர். தான் விட்டிட்டார்."

நிரோஷன் அண்ணா எழுந்து வேலிக்கு அப்பால் போய் நின்றார். நான் எழவில்லை.

யூலை 16, செவ்வாய்

ஏழு மணிக்கே கந்தோருக்குப் போனேன். ஃபஸ்லினா எனக்கு முதலே வந்து செயலியின் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து இடம் தந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய மெற்றில்டாக்கா பதிந்த வள்ளங்கள் பதினாறு. செயலி காவல் பார்த்தது பதின்மூன்று.

விடுபட்ட மூன்றும் ஓகார எழுத்து உள்ள பெயர்கள். இரண்டு வள்ளங்கள் தானாகவே திரும்பி வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது சந்தியோகு.

ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. சந்தியோகு என்றுதான் அடித்திருக்கிறார். புதுப் போன் 'யோ'வைக் கொம்பு தனி, அரவு தனியாக அனுப்பியிருக்கிறது. மொழி என் பட்டியலில் தேடியது, அப்படி ஒன்று இல்லை என்றது. இல்லாத பெயர் வந்தால் பேசாமல் விடு என்று நான் எழுதியிருந்தேன். விட்டது.

ஃபஸ்லினா அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் இனிக் கத்தும். அதையும் சேர்த்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பத்து மணிக்கு நிரோஷன் அண்ணா. முழுவதையும் காட்டினோம்.

"இந்த மொழியைப் பற்றி நான் அண்டைக்கே சொன்னனான்" என்று தொடங்கினார். பிறகு, "விடு. மொழியை விடு."

பிறகு: "சங்கத்தில அறிக்கை கேட்டிருக்கினம். பேர் பொருந்தேல்ல எண்டு எழுதலாம். பொய் இல்லைத்தானே."

ஃபஸ்லினா: "பொருந்தேல்ல எண்டு எழுதினா மெற்றில்டாக்கா பிழையா அடிச்சவ எண்டுதான் சனம் வாசிக்கும்."

"எனக்குத் தெரியும் ஃபஸ்லினா."

"தெரிஞ்சுகொண்டே எழுதப்போறீங்களோ?"

"எங்கட மூண்டு பேரின்ர வேலையும் போகும். இனி ஒரு கரையும் எங்களை நம்பாது. அதையும் யோசி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும் நான்தானே வாதத்தை முடிக்கிறவள். எழுந்து கழுவுமிடத்தில் போய் நின்றேன்.

யூலை 18, வியாழன்

நேற்று எழுதவில்லை. சாப்பாடு இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

என் தலைக்குள் ஓடியவை, ஓடிய வரிசையில்:
– நாலு மணித்தியாலத்தில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நிச்சயமா? இல்லை.
– அன்ரன் இருந்த இடம் கரையிலிருந்து தெரியாத தூரமில்லையாம்.
– புதுப் போன் என்று தெரிந்தும் நான் ஏன் 'மரியா'வை மட்டும் அடித்தேன்?
– மொழி சரி. விதி எழுதியிருக்கிறது. வாசிக்காமல் விட்டது… இல்லை, நான் வாசித்திருந்தேன்.

கடைசியில் என்னைப் பாயை விட்டு எழ விடாதது அதுதான். மற்ற இருவருக்கும் இருந்தது சந்தேகம். எனக்குக் காரணமே தெரிந்திருந்தது.

மத்தியானம் அம்மா சந்தையிலிருந்து வந்து சொன்னார். "அந்த மெற்றில்டா விசரி மாதிரி இருக்கிறாளாம். போனை வைச்சுக்கொண்டு புருசன்ர வள்ளத்தின்ர பேரைத் திருப்பித் திருப்பி அடிச்சுப் பாக்கிறாளாம். எங்க பிழை விட்டனான் எண்டு."

ஃபஸ்லினாவுக்கு எழுதினேன்: சனிக்கிழமை போவோம்.
உடனே பதில்: ஓம்.

யூலை 20, சனி

ஃபஸ்லினாவை ரோட்டிலேயே நிற்கச் சொன்னேன். நிற்கவில்லை, கூடவே வந்தாள்.

மெற்றில்டாக்கா கறுப்புச் சட்டையில், உள்ளறையில், பாயில். போன் மடியில். என்னைப் பார்த்த உடனே கேட்டார்.

"நீ படிச்ச பிள்ளை. சொல்லு. நான் எங்க பிழை விட்டனான்?"

"நீங்கள் பிழை விடேல்ல அக்கா."

"என்னை ஆறுதல்படுத்தாத."

பதிவேட்டை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். கொம்பு, அரவு, இரண்டு போன், ஒரு எழுத்து. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற குரல்.

"நீங்கள் அடிச்ச பேரை எங்கட புரோகிராம் வேற பேர் எண்டு எடுத்தது அக்கா. தெரியாத பேர் வந்தாச் சத்தம் போடாமல் விடச் சொல்லி எழுதினது நான்."

தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் சந்தியோகுதானே."

"ஓம் அக்கா."

"இப்பிடி நடக்கும் எண்டு உனக்கு முந்தித் தெரியுமோ?"

ஃபஸ்லினா என் கையைப் பிடித்தாள்.

"தெரியும். எட்டு நாளுக்கு முதல் தெரியும். ஃபஸ்லினா திருத்துவம் எண்டவ. நான்தான் பிறகு பாப்பம் எண்டனான்."

மெற்றில்டாக்கா அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. பிறகு சொன்னார்.

"அண்டைக்கு ரெண்டு மணிக்கு நான் இந்தப் போனைப் பாத்தனான். அடிக்கேல்ல. அப்ப வந்திட்டினம், காத்துக்குப் பேசாலைப் பக்கம் ஒதுங்கி அங்கேயே மீனை விக்கினம் எண்டு நினைச்சன். சோத்தை மூடி வைச்சிட்டுப் படுத்தனான். அவர் அங்க கையைப் பிடிச்சுக்கொண்டு நேரம் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் நித்திரை."

மெற்றில்டாக்கா போனைப் பாயில் கவிழ்த்து வைத்தார்.

"நான் பிழை விடேல்ல எண்டு எனக்கு மட்டும் சொல்லிக் காணாது. நாளைக்குச் சங்கத்தில எழும்பி நிண்டு சொல்லு. அந்தப் பெண்டுகளும் கேக்கட்டும்."

"சொல்லுறன் அக்கா."

"இப்ப உனக்குத் தேத்தண்ணி தர என்னால ஏலாது. போ."

திரும்பும் வழியில் ஃபஸ்லினா எருக்கலம்பிட்டியில் தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவளுடைய உம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் தந்தார். குடித்த பிறகுதான் அழுதேன்.

யூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து சங்கக் கட்டடம். ஐம்பது பேருக்கு மேல். ராத்திரியே நிரோஷன் அண்ணாவுக்கு எடுத்துச் சொல்லியிருந்தோம். அடம்பனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சேட்டோடு. நான் எழும்ப முதல் அவர் எழும்பினார்.

"பொறுப்பாளர் நான். பிழை எங்கட. மெற்றில்டா அக்கா அடிச்ச பேர் நூற்றுக்கு நூறு சரி. மிச்சத்தை ரோசி சொல்லுவா."

சொன்னேன். எட்டு நாளையும் சொன்னேன். மெற்றில்டாக்கா கடைசி வரிசையில், அந்தப் பெண்கள் இருந்த பக்கமாகத் திரும்பி, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் கத்தினார். "ஒரு உயிரைத் தின்னிட்டு எழுத்துக் கணக்குச் சொல்லுறாள்!" இன்னொருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். சரிதான். எனக்கு அது வேண்டும்.

பிறகு மரியா வள்ளத்துச் சொந்தக்காரர் மனுவல் அப்பு எழும்பினார். மெதுவாகக் கதைக்கிற மனிதர்.

"இந்தப் பிள்ளையைப் பேசுவம். பேசவேணும்தான். ஆனா போன் வர முதல் நாங்கள் என்ன செய்தனாங்கள்? ஒரு வள்ளம் பிந்தினா, இவன் எங்க, அவன் எங்க எண்டு ஆளை ஆள் கேட்டனாங்கள். அண்டைக்கு நானும் கரையில நிண்டனான். சூசையைக் காணேல்ல எண்டு எனக்குத் தெரியும். போன் அடிக்கேல்லத்தானே எண்டுபோட்டு வீட்டை போனனான்."

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

முடிவு: செயலி இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு பேர் கரையில் நிற்பது. போன் என்ன சொன்னாலும் வள்ளத்தைக் கண்ணால் எண்ணுவது. ஃபஸ்லினாவும் நானும் கிழமையில் ஒரு நாள் முறை கேட்டோம். தந்தார்கள்.

வாசலில் மெற்றில்டாக்கா என்னைக் கடந்து போனார். பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 1, வியாழன்

நிரோஷன் அண்ணா இன்னும் இரண்டு கரைகளுக்கு விளக்கம் கொடுக்கப் போனார். ஒரு கரை வேண்டாம் என்றுவிட்டது. 'பிறகு' பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் முடித்துவிட்டோம். இப்போது யாரும் மொழியைப் பற்றிச் சண்டை பிடிப்பதில்லை. ஏதாவது வந்தால் மூவரும் பேசாமல் திருத்துகிறோம். கந்தோர் அமைதியாக இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

ஃபஸ்லினாவிடம் இன்று கேட்டேன், நீ ஏன் ஒரு நாளும் 'நான் சொன்னேன்' என்று சொல்லவில்லை?

"நான் ஒருக்காச் சொல்லிட்டு விட்டிட்டன். ரெண்டாந்தரம் சொல்லியிருக்கவேணும்."

அவளும் நித்திரை கொள்வதில்லையாம்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

காற்று கொஞ்சம் தணிவு. எங்கள் முறை. பன்னிரண்டரைக்கே கரையில்.

முந்தநாள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. இன்றுதான் சந்தியோகு திருத்திய பிறகு முதல் தடவையாகக் கடலுக்கு. அன்ரனும் இன்னொருவரும். இவ்வளவு நாளும் வேறு ஒருவர் பதிந்தார். இன்று விடிய மெற்றில்டாக்கா தானே வந்து பெயர் பதிந்தாராம். பகல் ஒரு மணிக்குத் திரும்பவும் வந்தார். எங்களிடமிருந்து இருபது அடி தள்ளி, மணலில் குந்தியிருந்தார். கறுப்புச் சட்டை. போன் கையில்.

ஒன்றே முக்கால். பதிந்த பதினைந்தில் பதினாலு வள்ளம் வந்தாயிற்று. எண்ணினோம். திரும்ப எண்ணினோம்.

இரண்டு மணி. அடித்தது.

என் போன், ஃபஸ்லினாவின் போன், ஐஸ் கொட்டிலுக்குள் இருந்த போன்கள், வீடுகளுக்குள் இருந்தவை, எல்லாம் ஒன்றாக. திரையில் ஒரு பெயர், சந்தியோகு. ஆட்கள் ஓடி வந்தார்கள். மனுவல் அப்பு தன் வள்ளத்தைத் தள்ளத் தொடங்கினார், ஆறேழு பேர் தோள் கொடுத்தார்கள். சாரத்தை மடித்துக் கட்டியபடியே ஒருவர் எரிபொருள் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, இஞ்சின் எடுத்துவிட்டது.

அப்போதுதான் ஃபஸ்லினா கையை நீட்டினாள். "அங்க!"

மேற்கே, மெதுவாக, ஒரு பக்கம் சரிந்தபடி. இஞ்சின் பாதியில் நின்றிருக்கிறது, துடுப்புப் போட்டு வருகிறார்கள். இரண்டு தலை. இரண்டையும் எண்ணினேன்.

எல்லோரும் போனை நிறுத்தினார்கள். மெற்றில்டாக்காவுடையது மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. நிறுத்தத் தெரியவில்லையாக்கும் என்று ஓடிப்போய்க் கையை நீட்டினேன். தரவில்லை. அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இதுதானோ பிள்ளை அந்தச் சத்தம்?"

"ஓம் அக்கா."

போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டாத. அடிக்கட்டும்."